ஆபரேஷன் தேதி குறித்தாயிற்றா? பாதத்தைக் கொஞ்சம் பாருங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஆபரேஷன் தியேட்டரிலும் அறுவைச் சிகிச்சை வார்டிலுமாக இருபது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருந்தவள் நான். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி என்று மூன்று மாவட்டத்து ஆட்களும் வைத்தியத்துக்கு வந்து இறங்குகிற ஊர் இது. ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் வீட்டில் பேசுவதெல்லாம் பணத்துக்கு என்ன வழி, யார் லீவு போடுவது, யார் சோறு கொண்டு வருவது என்றுதான் இருக்கும். நோயாளியின் கால் விரலை விரித்துப் பார்ப்பவர்கள் ரொம்பக் குறைவு. வார்டில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் டாக்டர் இதற்கு மாறாக ஏதாவது சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே செய்யுங்கள். உங்கள் உடம்பைத் தொட்டுப் பார்த்தவர் அவர்.

முழங்காலில் ஆபரேஷன் செய்வதற்குக் கால் நகத்தையும் விரலிடுக்கையும் ஏன் பார்க்கிறார்கள்?

நம் தோலில் எப்போதும் கிருமிகள் குடியிருக்கின்றன. அதில் முக்கியமானது ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா. மூக்கிலும் தோல் மடிப்புகளிலும் அது சும்மா கிடக்கும், ஒன்றும் செய்யாது. தோல் விரிசல் விட்டால்தான் உள்ளே போகும். விரலிடுக்குப் புண், சதைக்குள் வளர்ந்த நகம், நகச்சுத்து, பித்தவெடிப்பில் ஆழமான கீறல் எல்லாமே அதற்குத் திறந்து வைத்த வாசல்கள்.

மூட்டு மாற்று ஆபரேஷனில் உலோகமும் பிளாஸ்டிக்கும் உள்ளே வைக்கிறார்கள். ரத்தத்தில் கலந்து வரும் கிருமி அந்த உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டால், தன்னைச் சுற்றிப் பாசி மாதிரி ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். அந்தப் படலத்துக்குள் மருந்தும் சரியாகப் போகாது, உடம்பின் எதிர்ப்பு அணுக்களும் போகாது. பலருக்கு வைத்த மூட்டையே மறுபடி திறந்து கழுவ வேண்டியிருக்கும், சிலருக்குக் கழற்றி எடுக்க வேண்டியிருக்கும். அதனால்தான் பல், சிறுநீர், பாதம் மூன்றிலும் தொற்று இல்லை என்று தெரிந்த பிறகே எலும்பு டாக்டர்கள் கத்தியை எடுக்கிறார்கள்.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. என் பெரியம்மாவுக்குச் சேரன்மகாதேவிப் பக்கம் வயல். பிசான நடுகை முடிந்த கையோடு மூட்டு ஆபரேஷனுக்கு நாள் குறித்தோம். ரத்தம், இதயம், சர்க்கரை எல்லாச் சோதனையும் முடிந்து, ராத்திரியிலிருந்து பட்டினி போட்டு, காலையில் தியேட்டர் உடை மாற்றும்போதுதான் டாக்டர் காலைப் பார்த்தார். கடைசி இரண்டு விரலுக்கு நடுவில் தோல் வெள்ளையாக ஊறிப்போய், நடுவில் ஒரு கீறல். ‘இன்றைக்கு வேண்டாம், இது ஆறட்டும்’ என்றார். கிராமத்திலிருந்து வேன் பிடித்து வந்த அத்தனை பேரும் திரும்பிப் போனோம். மூன்று வாரம் கழித்து ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. அந்த டாக்டர் செய்தது சரி. நர்ஸாக இருந்தும் பெரியம்மாவின் காலை நான் ஒரு தடவை பார்க்காமல் விட்டேனே என்பதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

இதய பைபாஸிலும் இதே கதைதான். காலிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்து இதயத்தில் வைத்துத் தைப்பார்கள். அப்படி எடுத்த காலில் பல மாதம் கழித்துத் திடீரென்று குளிர்காய்ச்சலும் சிவந்த வீக்கமும் திரும்பத் திரும்ப வருவதை 1980களிலேயே மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அதே காலின் விரலிடுக்கில் பூஞ்சைப் புண் இருந்தது.

சேற்றுப்புண் எங்களுக்கு வருஷா வருஷம் வருவதுதானே? அதை எப்படி ஆற்றுவது?

வருகிறதுதான். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு பூவும் சேற்றில் நிற்கிற கால்களுக்கு வராமல் எப்படி இருக்கும்? வயலில் இறங்காதவர்களுக்கும் வருகிறது. நாள் முழுக்க ஷூ போடுகிறவர்கள், தண்ணீரில் நின்று பாத்திரம் விளக்குகிறவர்கள், மழையில் வாறுகால் தண்ணீரை மிதித்து வீடு வருகிறவர்கள் எல்லாருக்கும் வரும். இது பெரும்பாலும் பூஞ்சை. நாலாவது விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில்தான் முதலில் தொடங்கும், அங்கேதான் காற்று நுழையாது.

ஆபரேஷனுக்கு நாலு வாரம் முன்பே பார்த்துவிட்டால் நிதானமாக ஆற்றிவிடலாம். க்ளோட்ரிமசோல் களிம்பு என்றால் வழக்கமாகத் தினம் இரண்டு வேளை, இரண்டிலிருந்து நாலு வாரம். டெர்பினஃபின் களிம்பு என்றால் பலருக்கு ஒன்றிரண்டு வாரமே போதும். நாலாம் நாள் அரிப்பு நின்றதும் ‘சரியாயிற்று’ என்று மருந்தை ஓரத்தில் வைத்துவிடுகிறார்கள், அதனால்தான் மறுபடி வருகிறது. டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் போடுங்கள்.

மருந்தைவிட முக்கியம் ஈரம். கால் கழுவியதும் பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு இடுக்கையும் தனித்தனியாக ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். அப்புறம் பத்து நிமிஷம் விசிறிக்கு நேரே காலை நீட்டி உட்காருங்கள். அது உலர்ந்த பிறகு களிம்பு. விரலிடுக்கில் தேங்காய் எண்ணெய் விட வேண்டாம், எண்ணெய் அங்கே ஈரத்தைப் பிடித்து வைக்கும். குதிகாலுக்கு எண்ணெய் நல்லது.

மருதாணி இலையையும் மஞ்சளையும் அரைத்து வைப்பது நம் ஊர்ப் பழக்கம். சாதாரண நாளில் அதைப் பற்றி நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் அம்மியில் அரைத்த விழுது சுத்தமானதல்ல, தோல் கிழிந்திருந்தால் அதன் வழியாகவே கிருமி போகும். ஆபரேஷன் இருக்கிறதென்றால் அந்த ஒரு மாதம் வேண்டாம்.

மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த களிம்பு போட்டதும் உடனே அடங்கிவிட்டது. அப்புறம் அதிகமாக வருகிறது. ஏன்?

பெட்டமெத்தசோன், க்ளோபெட்டசால் என்ற பெயர்கள் டியூபில் இருக்கிறதா என்று பாருங்கள். இவை ஸ்டீராய்டு. பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, ஸ்டீராய்டு என்று எல்லாவற்றையும் சேர்த்து அடைத்த களிம்புகள் சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கின்றன. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் ஒரே நாளில் அமுக்கிவிடும், அதனால் குணமானது போல இருக்கும். அடியில் பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும், தோலும் மெலிந்துகொண்டே போகும். அந்த டியூபை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அவர் திட்ட மாட்டார்.

கால் நகம் மஞ்சளாகத் தடித்துப் போயிருக்கிறது. இதையும் ஆபரேஷனுக்கு முன் குணப்படுத்த வேண்டுமா?

நகப்பூஞ்சை பைய வளர்வது, பைய ஆறுவது. கால் நகத்துக்கு டெர்பினஃபின் மாத்திரை 12 வாரம் சாப்பிட வேண்டும், கல்லீரல் சோதனையும் பார்ப்பார்கள். கால் நகம் அடியிலிருந்து நுனி வரை புதிதாக வளர்ந்து வரவே 12 முதல் 18 மாதம் ஆகும். அதனால் இதற்காக யாரும் ஆபரேஷனை ஒரு வருஷம் தள்ளிப்போடுவதில்லை. நகத்தைச் சுற்றிச் சிவப்போ சீழோ வலியோ இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். இருந்தால் அதை முதலில் ஆற்ற வேண்டும்.

கல்யாணத்துக்கு வைத்த மருதாணி போகவில்லை. நாளன்றைக்கு ஆபரேஷன். நிறுத்திவிடுவார்களா?

மாட்டார்கள், பயப்படாதீர்கள். விரலில் ஒரு கிளிப் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கிறோமே, அந்தக் கருவிக்கு அடிப்படையைக் கண்டுபிடித்தவர் ஜப்பான் பொறியாளர் டாக்குவோ அவோயாகி, 1970களின் தொடக்கத்தில். சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தி அது கணக்குப் போடுகிறது. நடுவில் அடர்ந்த சாயம் இருந்தால் சிலருக்குக் கணக்கு தடுமாறும், அல்லது கருவிக்குத் துடிப்பே எட்டாது. அதோடு, நகத்தடியின் நிறத்தைக் கண்ணால் பார்த்தும் நாங்கள் கணிக்கிறோம். நகம் நீலம் பாரிக்கிறதா, அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் ரத்தம் திரும்புகிறதா என்று பார்ப்பதற்கு நகம் நகமாகத் தெரிய வேண்டும்.

நகப்பூச்சு என்றால் முந்தின நாளே ரிமூவரால் துடைத்துவிடுங்கள், காலிலும் சேர்த்து. ஒட்டு நகம் இருந்தால் எடுத்துவிட வேண்டும். மருதாணிச் சிவப்பைத் துடைக்க முடியாது. சுரண்ட வேண்டாம், பிளீச் போட வேண்டாம், அது புண்ணில் முடியும். மயக்க டாக்டரிடம் சொன்னால் கிளிப்பைக் காது மடலில் மாட்டுவார்கள், அல்லது மருதாணி இல்லாத விரலைத் தேடுவார்கள். கருப்பு மருதாணி என்று விற்கும் கோனை மட்டும் எப்போதுமே தவிர்த்துவிடுங்கள். அதில் கலக்கும் தலைச்சாய ரசாயனத்தால் கை கொப்புளித்து வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

மெட்டியைக் கழற்றச் சொல்கிறார்கள். மாமியார் சம்மதிக்கவில்லை.

இதை நான் லேசாகப் பேச மாட்டேன். இருபது முப்பது வருஷம் காலை விட்டு இறங்காத மெட்டியைக் கழற்றச் சொல்லும்போது கண் கலங்கிய பெண்கள் எத்தனையோ பேர். காரணத்தைச் சொன்னால் பெரியவர்கள் புரிந்துகொள்கிறார்கள். ஆபரேஷனில் ரத்தத்தை நிறுத்த மின்சாரத்தால் சுடும் கருவியைப் பயன்படுத்துகிறோம், உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடத்தில் தீப்புண் ஏற்படும் ஆபத்து உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு கால் வீங்கினால் மெட்டி விரலை இறுக்கி ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடலாம். அப்புறம், மெட்டிக்கு அடியில் அழுக்கும் ஈரமும் தங்கி அங்கே தோல் புண்ணாகியிருப்பது ரொம்பச் சகஜம், கழற்றினால்தான் தெரியும்.

தியேட்டர் வாசலில் அவசரமாக இழுக்காமல் ஒரு வாரம் முன்பே வீட்டில் கழற்றுங்கள். காலையில் வீக்கம் இல்லாத நேரத்தில், காலைக் கொஞ்ச நேரம் உயர்த்தி வைத்திருந்து, சோப்பு நுரையோடு திருகித் திருகி எடுங்கள். வரவில்லை என்றால் நகை ஆசாரியிடம் போங்கள், நறுக்கி எடுத்துத் திரும்ப ஒட்டித் தருவார். கழற்றியதைக் குங்குமச் சிமிழில் போட்டுச் சாமி படத்தடியில் வையுங்கள் என்று ஒரு பெரியவர் தன் மருமகளிடம் சொன்னார். அதையே நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

நகத்தை எப்போது, எப்படி வெட்ட வேண்டும்?

ஆபரேஷனுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு. வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த பிறகு எல்லாம் நகம் வெட்டுவதில்லை என்ற வழக்கம் உள்ள வீடுகளில் அதற்கு ஏற்ற மாதிரி நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள், முந்தின ராத்திரி வரை இழுக்காமல் இருந்தால் சரி. பகல் வெளிச்சத்தில், குளித்து நகம் மெத்தென்று இருக்கும்போது, நகவெட்டியால் நேராக வெட்டுங்கள். ஓரத்தை வளைத்து உள்ளே குடைந்து வெட்டினால் நகம் சதைக்குள் வளரும். ரொம்ப ஒட்டவும் வெட்ட வேண்டாம்.

பிளேடு வேண்டாம். பிளேடால் நகம் வெட்டி, கால் ஆணியைச் சீவி, பித்தவெடிப்பைச் சுரண்டி வருகிற தாத்தாக்களுக்கு நான் கட்டுப் போட்டது கணக்கில்லை. கால் ஆணிக்கு ஒட்டுகிற மருந்துப் பட்டியில் அமிலம் இருக்கிறது, சர்க்கரை உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. பித்தவெடிப்புக்கு ராத்திரி கால் கழுவித் துடைத்து வாசலின் தடவிப் பருத்திச் சாக்ஸ் போட்டுப் படுத்தாலே இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும். பார்லரில் கால் அழகுபடுத்துவதை ஆபரேஷன் முடியும்வரை தள்ளி வையுங்கள்.

ஆபரேஷன் இடத்து முடியை வீட்டிலேயே சவரம் செய்துவிட்டு வரவா?

வேண்டாம். ரேசர் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடும், ராத்திரிக்குள் அதில் கிருமி பெருகிவிடும். முடியை எடுக்கவே வேண்டாம், தேவைப்பட்டால் கிளிப்பரால் மட்டும் எடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016 வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. சுத்தமாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனால் பலன் தலைகீழ்.

முந்தின நாள் குளியல் எப்படி? டெட்டால் ஊற்றிக் காலை ஊற வைக்கலாமா?

நல்ல தண்ணீரில் சாதாரண சோப்புப் போட்டுத் தலையிலிருந்து கால்வரை குளித்தால் போதும். அக்குள், தொப்புள், தொடையிடுக்கு, விரலிடுக்கு நாலையும் மறக்காதீர்கள். சில ஆஸ்பத்திரிகளில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினித் திரவம் தருவார்கள், தந்தால் சொன்ன மாதிரிப் பயன்படுத்துங்கள். இதய, மூட்டு ஆபரேஷன்களில் மூக்கில் ஸ்டெஃபைலோகாக்கஸ் இருப்பது தெரிந்தால் முபிரோசின் களிம்பை மூக்கினுள் போடச் சொல்வதும் உண்டு. துவைத்த துண்டு, துவைத்த துணி, துவைத்த படுக்கை விரிப்பு.

டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் தோல் வெந்துவிடும். ஊற வைப்பதே வேண்டாம். ஊறிய தோல் லேசாகக் கிழியும். அப்புறம் ஆற்றுக் குளியல். நல்ல காரியத்துக்கு முன் குறுக்குத்துறையிலோ பாபநாசத்திலோ முழுக்குப் போட்டுவிட்டு வருவது நம் மனசுக்கு ஆறுதல்தான், நானும் அந்த ஆற்றுத் தண்ணீரில் வளர்ந்தவள். அதை ஒரு வாரம் முன்னாலேயே முடித்துவிடுங்கள். காலில் புண் இருந்தால் அதுவும் வேண்டாம்.

சர்க்கரை இருக்கிறது. எனக்கு மட்டும் இவ்வளவு கெடுபிடி ஏன்?

உங்களுக்கு வலி தெரியாது. அதுதான் காரணம். பல வருஷச் சர்க்கரை பாதத்து நரம்புகளை மரக்க வைத்துவிடும். செருப்புக்குள் கிடந்த கூழாங்கல்லோடு களத்திலிருந்து வீடுவரை நடந்து வந்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். சாக்ஸில் ரத்தத்தைப் பார்த்துத்தான் அவருக்கே தெரிந்தது. ரத்தக்குழாயும் சுருங்கியிருந்தால் புண் ஆறத் தேவையான ரத்தம் வராது. சர்க்கரை ஏறிக் கிடந்தால் கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களும் சோர்ந்து போகும். மூன்றும் ஒரே காலில் சேர்ந்து வரும்போது நகக்கண்ணில் தொடங்கிய சின்னப் புண் விரலையே கேட்டுவிடுகிறது.

ஆபரேஷனை ஒட்டிய நாட்களில் ரத்தச் சர்க்கரை 200 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2017 வழிகாட்டி. அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் மூன்று மாதச் சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 8-க்குக் கீழே வரட்டும் என்று பல டாக்டர்கள் காத்திருப்பார்கள். காத்திருக்கச் சொன்னால் ஆஸ்பத்திரியை மாற்றாதீர்கள். அந்தக் காத்திருப்பும் வைத்தியம்தான்.

தினமும் ராத்திரி பாதத்தின் அடியைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்துப் பாருங்கள், கண் மங்கலாக இருந்தால் பேரன் பேத்தியைப் பார்க்கச் சொல்லுங்கள். வெந்நீரைக் காலால் சோதிக்காமல் முழங்கையால் சோதியுங்கள். வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுங்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் மெத்தென்ற அடிப்பாகம் உள்ளதைத் தருவார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைச் சோதிப்பதற்கென்றே ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டம் இருக்கிறது. நைலான் இழையால் பாதத்தில் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை அது. ஐந்து நிமிஷ வேலை, வலிக்காது. ஆபரேஷன் பேச்சு வந்த நாளிலேயே இதைச் செய்துகொள்ளுங்கள்.

பீடியை ஆபரேஷனுக்காக விட வேண்டுமா?

குறைந்தது நாலு வாரம் முன்னால் விட வேண்டும். புகை ரத்தக்குழாயைச் சுருக்கும், காயத்துக்கு ஆக்சிஜன் குறையும், தையல் ஆறாது.

நம் பக்கத்தில் முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் என்று ஊர் ஊராகப் பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்கள் இருக்கிறார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அதைப் பிடிக்கிறவர்களின் காலை நான் பார்த்திருக்கிறேன். பர்கர் நோய் என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் 50 வயதுக்குள் இருக்கும் புகைபிடிக்கும் ஆண்களுக்கு வரும். கை கால் நுனி ரத்தக்குழாய்கள் அடைத்து, நடந்தால் பாதம் வலித்து, கடைசியில் விரல் கருகும். புகையை அடியோடு விட்டவர்களுக்கு நோய் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நாளைக்கு ஒன்றிரண்டு மட்டும் என்று குறைத்தவர்களுக்கு நிற்பதில்லை. விரல் நுனி ஆறாத புண்ணோடு வீட்டில் இளவயசுக்காரர் யாராவது இருந்தால் களிம்பு தேடாமல் ரத்தக்குழாய் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக நடக்கத் திருச்செந்தூருக்கு நடந்து வருவதாக நேர்ந்திருக்கிறேன். முன்னால் போகவா, பின்னால் போகவா?

பின்னால். நெல்லையிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்தால் கொப்புளம் வராமல் இருக்காது. ஆபரேஷனுக்கு முன்பு அந்தக் கொப்புளம் நீங்களாகத் திறந்து வைக்கும் வாசல். முருகனைப் பார்க்க வேண்டும் என்றால் இப்போது பஸ்ஸில் போய்க் கும்பிட்டு வாருங்கள், நடை நேர்ச்சையைக் காயம் ஆறிய பிறகு டாக்டரைக் கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் நடை நேர்ச்சையே எடுக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். சித்திரை வெயிலில் நெல்லையப்பர் கோயில் பிராகாரக் கல் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். மரத்த காலுக்கு அது தெரியாது. விடியற்காலையில் போங்கள்.

தொற்று வராமல் இருக்க முன்கூட்டியே ஆன்டிபயாடிக் சாப்பிட்டு வரலாமா?

கூடாது. கத்தி வைப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் ஊசியாகப் போடுவதுதான் முறை, கத்தி படும் நேரத்தில் மருந்து திசுக்களில் நிறைந்திருக்க வேண்டும். நாலு நாள் முன்பே நீங்களாகச் சாப்பிட்டால் பலவீனமான கிருமி செத்து, மருந்துக்கு அடங்காதது மிஞ்சும். அதே போல, ஆபரேஷன் முடிந்து ஊசியை நிறுத்திவிட்டார்களே, கவனிக்கவில்லையோ என்றும் கவலைப்பட வேண்டாம். சுத்தமான ஆபரேஷன்களில் அதற்கு மேல் தொடர்ந்து கொடுப்பதால் கூடுதல் பலன் இல்லை.

கூட இருப்பவர்கள் என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

உங்கள் கை நகம் முதலில். அரை சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்திருக்கக் கூடாது. நோயாளியைத் தொடுமுன் சோப்புப் போட்டு 40 முதல் 60 விநாடி கழுவுங்கள், அல்லது கட்டிலில் மாட்டியிருக்கும் கை சுத்தம் செய்யும் திரவத்தை 20, 30 விநாடி தேய்த்துக்கொள்ளுங்கள். கட்டைத் திறந்து பார்க்காதீர்கள். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் கட்டிலில் உட்காராமல் நாற்காலியில் உட்காரட்டும்.

மரியாதைக்காகச் செருப்பை வார்டு வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு கழிவறைக்குப் போய் வருகிறார்கள். நோயாளிக்குப் புதிதாக ஒரு ரப்பர் செருப்பு வாங்கி வைத்து, வழுக்காமல் பார்த்து நடக்கச் செய்யுங்கள். அண்ணாச்சிமார்கள் சாரத்தைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டுங்கள், ஈரத் தரையில் இழுபடுகிற சாரம் அப்படியே படுக்கைக்கு வருகிறது.

யாரும் சொல்லித் தராத ஒன்று குதிகால். இடுப்பு, தொடை ஆபரேஷன் முடிந்து அசையாமல் படுத்திருப்பவர்களுக்கு இரண்டே நாளில்கூடக் குதிகாலில் படுக்கைப்புண் வந்துவிடலாம். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி பாருங்கள். மூட்டு மாற்றியவர்களுக்கு எங்கே வைப்பது என்று நர்ஸைக் கேட்டுக்கொள்ளுங்கள். காலுறை மாட்டிவிட்டிருந்தால் தினம் ஒரு தடவை கழற்றித் தோலைப் பார்க்கச் சொல்லுங்கள். மாவுக்கட்டு போட்டிருந்தால் வெளியே தெரியும் விரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். நிறம் திரும்பத் தாமதமானாலோ, விரல் நீலமாகி மரத்துப் போனாலோ, வலி தாங்க முடியாமல் ஏறினாலோ உடனே சொல்லுங்கள், ராத்திரி என்று பார்க்காதீர்கள்.

பருப்பு சாப்பிட்டால் சீழ் வைக்குமாமே?

வைக்காது. சீழ் கிருமியால் வருவது. காயம் மூடப் புரதம் வேண்டும். பருப்பையும் மீனையும் முட்டையையும் நிறுத்திவிட்டு ரசஞ்சோறு மட்டும் கொடுத்தால் தையல் எப்படி ஆறும்? சொதியில் போடும் பாசிப்பருப்பு, நெத்திலி, சாளை, முட்டை, நெல்லிக்காய் எல்லாம் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளட்டும்.

நகம் சதைக்குள் வளர்ந்து ஆபரேஷன் செய்தார்கள். எவ்வளவு நாளில் ஆறும்?

விரலை மட்டும் மரக்க வைத்து ஓரத்து நகத்தை எடுப்பது சின்ன வேலை. இரண்டு மூன்று வாரத்தில் ஆறும், வேர் மறுபடி வளராமல் மருந்து வைத்திருந்தால் ஆறு வாரம் வரை கசியலாம். முதல் இரண்டு நாள் காலை உயர்த்தி வையுங்கள். முன்பக்கம் திறந்த செருப்புப் போடுங்கள். எலுமிச்சம்பழத்தில் விரலைச் செருகுவது, காபித்தூள் அப்புவது இரண்டும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு எதைப் பார்த்து ஓடி வர வேண்டும்?

முதல் இரண்டு மூன்று நாள் லேசான வீக்கமும் வலியும் சகஜம், நாளாக நாளாகக் குறைய வேண்டும். குறைந்த வலி திரும்ப ஏறினால், சிவப்பு பரவினால், சீழோ நாற்றமோ வந்தால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால் அன்றைக்கே காட்டுங்கள். பேனாவால் சிவப்பின் ஓரத்தில் கோடு போட்டு வைத்தால் பரவுகிறதா என்பது தெரியும். ஆபரேஷன் தொற்று 30 நாள்வரை தலைகாட்டலாம், உள்ளே உலோகம் வைத்தவர்களுக்கு 90 நாள் வரையும் அதற்குப் பிறகும்கூட வரலாம். தோல் கருத்துக் கொப்புளம் கிளம்பினாலோ, கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

தையல் பிரித்தாயிற்று. சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலம் போகலாமா?

காலில் தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். பிரித்த மறுநாளே அருவியில் நிற்க முடியாது. பொருக்கு உதிர்ந்து தோல் முழுக்க மூடியிருக்க வேண்டும், மூட்டு மாற்றியவர்கள் டாக்டர் சரி என்று சொல்லும் வரை பொறுக்க வேண்டும். பாறை வழுக்கும் என்பது தனிக் கவலை. பெரியம்மா ஆபரேஷனுக்கு அடுத்த சாரலில் எங்களோடு ஐந்தருவிக்கு வந்தார். கூட்டம் குறைந்த ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று குளித்தார். உடை மாற்றி வந்ததும், ஈரக்காலோடு வேனில் ஏறப்போன என் மகனை நிறுத்தி உட்கார வைத்து, தன் பையிலிருந்து ஒரு பழைய வேட்டித் துண்டை எடுத்து அவன் கால் விரலை ஒவ்வொன்றாக விரித்துத் துடைத்துவிட்டார். அதற்கு அப்புறம்தான் தன் காலைத் துடைத்தார்.